நடுவே நிறுத்தப்பட்ட பிள்ளை





இன்று சனிக்கிழமை. பெரிய வெள்ளிக்கும் உயிர்த்தெழுந்த ஞாயிறுக்கும் நடுவே இருக்கும் இந்த நாளில் போதகனுக்குப் பிரசங்கம் இல்லை. நேற்று மும்மணி ஆராதனையில் சிலுவையின் ஏழு திருமொழிகளையும் தியானித்து முடித்த தொண்டை ஓய்வு கேட்கிறது. ஆலயத்தில் வாலிபர் சங்கத்தார் நாளை அதிகாலை ஆராதனைக்காகத் தோரணம் கட்டிக்கொண்டிருக்கிறார்கள். நான் குருமனைத் திண்ணையில் அமர்ந்து இதை எழுதுகிறேன். எதிரே நம் தொடக்கப்பள்ளி பூட்டிக் கிடக்கிறது.

இந்த வாரம் பள்ளிச் செய்திகளை எழுதுவதாகச் சொல்லியிருந்தேன். சென்னையிலும் மும்பையிலும் வளைகுடா நாடுகளிலும் இருந்துகொண்டு இத்தியானங்களை வாசிக்கும் நம் சபையாரில் பலர் அந்த ஓட்டுக் கட்டடத்தில்தான் முதல் எழுத்தைக் கற்றார்கள். ஊருக்குத் தொலைபேசியில் பேசும்போது ஆலயத்தைப் பற்றி விசாரிப்பதற்கு முன்பே பள்ளியைப் பற்றி விசாரிக்கிறவர்களும் உண்டு. ஆகையால் முதலில் செய்திகளைச் சொல்லிவிடுகிறேன்.

இவ்வாண்டு ஐந்து வகுப்புகளிலுமாக 34 பிள்ளைகள், இரண்டு ஆசிரியர்கள். கோடை வெயிலை முன்னிட்டுத் தொடக்கப்பள்ளிகளின் ஆண்டிறுதித் தேர்வு முன்கூட்டியே வைக்கப்பட்டது; ஏப்ரல் 7ஆம் தேதி தொடங்கி, பெரிய வியாழனாகிய 17ஆம் தேதி முடிந்தது. ஈஸ்டருக்காக மூன்று நாள் விடுமுறை என்று எண்ணியிருந்த பிள்ளைகளுக்குக் கோடை விடுமுறையும் சேர்ந்தே கிடைத்துவிட்டது. அன்று மாலை தெருவில் எழுந்த கூச்சல் உங்களில் சிலருக்குத் துபாய் வரையில் கேட்டிருக்கலாம்.

2024ஆம் ஆண்டு ஜூலை 15 முதல் முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் ஊரகப் பகுதிகளிலுள்ள அரசு உதவிபெறும் தொடக்கப்பள்ளிகளுக்கும் விரிவாக்கப்பட்டது அல்லவா? நம் பிள்ளைகளும் இப்போது பள்ளியிலேயே உப்புமாவும் கிச்சடியும் பொங்கலும் உண்கிறார்கள். காலை வழிபாட்டில் மயங்கி விழும் பிள்ளை என்று ஒன்று இந்த ஆண்டு இல்லை. இந்த ஒரு செய்திக்காகவே நாம் ஆண்டவரை ஸ்தோத்திரிக்கலாம்.

லெந்து காலம் முழுவதும் பவுடர் டப்பாக்களில் துளையிட்டுப் பிள்ளைகள் காணிக்கை சேர்த்தார்கள். அந்தச் சில்லறையை எண்ணி முடிக்க இரண்டாம் வகுப்பாருக்கு ஒரு முழுக் கணக்குப் பாடவேளை ஆயிற்று. நூறு நூறாகக் கட்டி வைக்கக் கற்றுக்கொண்டார்கள். பாடப்புத்தகத்தைவிட அது நன்றாகப் பதிந்தது என்று ஆசிரியை சொன்னார். மூன்றாம் வகுப்புப் பெண்பிள்ளை ஒருத்தி கைபேசியில் ஏதோ காணொளியைப் பார்த்துவிட்டு, "ஈஸ்டருக்கு முட்டை குடுப்பாங்களாமே, நமக்கு ஏன் இல்ல?" என்று கேட்டிருக்கிறாள். அவள் பக்கத்தில் இருந்தவன் ஆசிரியைக்கு முந்திக்கொண்டு, "நமக்குத்தான் தினமும் சத்துணவுல போடுதாங்கல்லா" என்று பதில் சொல்லிவிட்டானாம். இறையியல் கற்ற நானும் இதைவிட நல்ல விளக்கம் கொடுத்திருக்க மாட்டேன்.

இவையெல்லாம் எழுதுவதற்கு இன்பமான செய்திகள். எழுதக் கடினமான ஒன்றும் இருக்கிறது. அதை எழுதாமல் விட்டால், நாளை அதிகாலையில் உங்கள் முன் நின்று உயிர்த்தெழுதலைப் பற்றிப் பேச என்னால் இயலாது.

ஐந்தாம் வகுப்பில் படிக்கும் ஒரு பையன் வேதத்தைக் கையில் வைத்துக்கொண்டே ஐயரை ஏமாற்றிவிட்டான் என்று ஊருக்குள் ஒரு பேச்சு உலவுகிறது. பெண்கள் ஐக்கியக் கூட்டத்திலும் இதைச் சொல்லிச் சிரித்ததாக அறிந்தேன். நடந்தது அதுவல்ல. நடந்ததைச் சொல்லக் கடமைப்பட்டவன் நான். ஏனெனில் அதில் தவறு செய்தவன் நான்தான்.

மார்ச் 19, புதன்கிழமை. லெந்து காலத்தில் புதன்தோறும் பள்ளியின் காலை வழிபாட்டை நான் நடத்துவது வழக்கம். வேப்பமரத்தடியில் பிள்ளைகள் வரிசையாக நின்றார்கள். "இன்றைக்கு யார் வேதம் வாசிக்கிறீர்கள்?" என்று கேட்டேன். எப்போதும் உயரும் அதே நான்கு கைகள் உயர்ந்தன. அன்று ஏனோ, உயராத கைகளின்மேல் என் கண் போயிற்று. பின்வரிசையில் தூணைப்போல் நின்ற ஒருவனைக் கூப்பிட்டேன். மூடியிருந்த வேதாகமத்தை அவன் கையில் கொடுத்து, "ஏசாயா 53 எடுத்து வாசி தம்பி" என்றேன்.

அவன் புத்தகத்தின் நடுப்பகுதியைத் திறந்தான். இரண்டு மூன்று தாள்களைப் புரட்டினான். பிறகு தொடங்கினான். பன்னிரண்டு வசனங்கள், ஓரிடத்திலும் தடுக்கவில்லை. நிறுத்தவேண்டிய இடத்தில் நிறுத்தி, குரலைத் தாழ்த்தவேண்டிய இடத்தில் தாழ்த்தி வாசித்தான். ஆலயத்தில் பாடம் வாசிக்கும் பெரியவர்களில் எத்தனை பேர் அப்படி வாசிக்கிறார்கள் என்று யோசித்தேன். நம் பள்ளிப் பிள்ளைகள் வாசிக்கும்போது வசன எண்களையும் சேர்த்துப் படித்துவிடுவது உண்டு. அவன் ஓர் எண்ணையும் சொல்லவில்லை. அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும். உறைக்கவில்லை. சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்து, பரிசாகக் கொடுக்க நீட்டினேன். மற்றொரு கையால் வேதாகமத்தை வாங்கப் போனபோதுதான் திறந்திருந்த பக்கத்தைப் பார்த்தேன்.

எசேக்கியேல். தேவாலயத்தின் வாசல்களையும் அறைகளையும் கோலால் அளந்து, முழம் முழமாகக் கணக்குச் சொல்லும் அதிகாரங்கள்.

இந்த இடத்தில் ஒரு மனிதன் செய்யத்தக்க நல்ல காரியங்கள் சில உண்டு. புத்தகத்தை மூடி வாங்கிக்கொண்டு, பேனாவைக் கொடுத்து அனுப்பியிருக்கலாம். ஒரு முழு அதிகாரத்தை மனப்பாடமாகச் சொன்னதற்கே பேனா தகும். நான் செய்ததோ இது: பேனாவைத் திரும்பவும் பைக்குள் வைத்தேன். "நல்லது. இப்போது, திறந்திருக்கும் இந்தப் பக்கத்தை வாசி" என்றேன்.

உண்மையை அறியவே அப்படிக் கேட்டதாக அன்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது பொய். உண்மை எனக்கு அதற்குள் தெரிந்துவிட்டிருந்தது. தெரிந்த ஒன்றை எல்லாருக்கும் முன்பாக அவன் வாயால் வரவழைக்க வேண்டும் என்றுதான் கேட்டேன். நாற்பது நொடிகள் இருக்கலாம்; அவன் பக்கத்தைப் பார்த்துக்கொண்டே நின்றான். முதல் வகுப்பில் யாரோ சிரித்தார்கள். பிறகு வரிசை வரிசையாகச் சிரிப்பு பின்னால் போயிற்று. அவன் அழவில்லை. வேதாகமத்தை மூடி, இரண்டு கைகளாலும் ஏந்தி, கீழே விழுந்துவிடாதபடி மிகக் கவனமாக என் கையில் வைத்தான். தன் இடத்துக்குத் திரும்பிப் போனான். நான் ஜெபம் சொல்லி வழிபாட்டை முடித்தேன். என்ன ஜெபித்தேன் என்று நினைவில்லை. பதினோரு மணிக்கு வருகைப் பதிவேட்டைச் சரிபார்த்தபோது அவனுடைய பை மட்டும் இருந்தது.

அன்று மதியம் தலைமையாசிரியை அலுவலக அறைக் கதவைச் சாத்திவிட்டு என்னிடம் பேசினார். பள்ளியின் தாளாளர் என்ற முறையில் எனக்கு நாற்காலி போடப்படும் அறை அது. அன்று நான் உட்காரவில்லை.

"ஐயா, அவனுக்கு வாசிக்க வராதுன்னு எனக்கு மூணு வருசமாத் தெரியும். அவனுக்கும் தெரியும். அத நாங்க ரெண்டு பேரும் மட்டும் வச்சிருந்தோம். சத்துணவு முடிஞ்சதும் தினமும் இருபது நிமிசம் என்கிட்ட உக்காருவான். இந்த வருசந்தான் எளுத்துக் கூட்ட ஆரம்பிச்சான். இனிமே உக்காருவானான்னு தெரியல."

பிறகு அவர் ஒரு கோப்பை எடுத்து என் முன் வைத்தார். 'எண்ணும் எழுத்தும்' திட்டத்தில் பிள்ளைகளை அவரவர் கற்றல் நிலைக்கேற்ப அரும்பு, மொட்டு, மலர் என்று மூன்றாக வகுத்துப் பாடம் நடத்துகிறார்கள் என்பது பெற்றோராகிய உங்களுக்குத் தெரியும். ஐந்தாம் வகுப்பின் ஏழு பேரில் 'அரும்பு' என்று குறிக்கப்பட்ட ஒரு பெயர் அதில் இருந்தது. தாளின் அடியில் தாளாளர் கையொப்பம். என் கையொப்பம். சென்ற ஆண்டுத் தாளிலும் அப்படியே. இரண்டு தாள்களையும் வாசிக்காமலே கையொப்பமிட்டிருக்கிறேன். அந்தப் பள்ளியில் வாசிக்காதவன் ஒருவன் அல்ல, இருவர்.

இந்தப் பிள்ளைகளின் கதையை நாம் எவ்வளவு சீக்கிரம் மறந்துவிட்டோம் என்பதையும் சொல்லவேண்டும். இப்போது ஐந்தாம் வகுப்பை முடித்திருப்பவர்கள் 2020ஆம் ஆண்டில் ஒன்றாம் வகுப்பில் சேர்ந்தவர்கள். கொரோனாவினால் பள்ளிகள் பூட்டிக் கிடந்த ஆண்டு அது. பள்ளியில் பெயர் இருந்தது, பள்ளி இல்லை. தமிழ்நாட்டில் தொடக்க வகுப்புகள் மறுபடியும் திறக்கப்பட்டது 2021 நவம்பர் 1ஆம் தேதி. அப்போது அவர்கள் இரண்டாம் வகுப்பின் பாதியில் இருந்தார்கள். கல்வித் தொலைக்காட்சியில் பாடம் நடந்தது உண்மைதான். தொலைக்காட்சிக்கு முன் தாயோ தகப்பனோ கூட உட்கார்ந்த பிள்ளைகள் பிடித்துக்கொண்டார்கள். காலையிலேயே வேலைக்குப் போய்விடும் வீடுகளில் அது ஓடிக்கொண்டு மட்டும் இருந்தது. அதன் பிறகு 'இல்லம் தேடிக் கல்வி' வந்தது, 'எண்ணும் எழுத்தும்' வந்தது. பலர் எழுந்துகொண்டார்கள். சிலர் எழுந்தவர்களைப்போல நிற்கக் கற்றுக்கொண்டார்கள்.

வியாழனும் வெள்ளியும் அவன் பள்ளிக்கு வரவில்லை. சனிக்கிழமை காலை அவன் வீட்டுக்குப் போனேன். அவனுடைய ஆச்சி வாசலில் ஓலைப்பாயை விரித்து உட்காரச் சொன்னார்கள். அவன் பின்கட்டில் இருப்பது தெரிந்தது, வரவில்லை. நான் மன்னிப்புக் கேட்கத்தான் வந்தேன். ஆச்சியோ எனக்கு முன்பாகவே மன்னிப்புக் கேட்கத் தொடங்கிவிட்டார்கள்.

"அவன் உங்கள ஏமாத்தலய்யா. கண்ணால படிக்க வரல, காதால படிக்கான். லெந்து வந்தா ராத்திரி படுக்கும்போது நான் அம்பத்திமூணாம் அதிகாரம் சொல்லுவேன், கூடவே சொல்லுவான். நானும் அப்படித்தானே? கோயில்ல கேட்டுக் கேட்டுத்தான் படிச்சேன். பாமாலைல இத்தனை பாட்டு தெரியும், ஒரு எளுத்து தெரியாது. புஸ்தகத்தக் கையில வச்சிருப்பேன், அவ்வளவுதான்."

பதினோரு ஆண்டுகளாக அவர்கள் மூன்றாம் வரிசையில் பாமாலைப் புத்தகத்தைத் திறந்து வைத்துப் பாடுவதைப் பலிபீடத்தின் அருகிலிருந்து பார்த்துக்கொண்டிருக்கிறேன். வருகிற ஞாயிற்றுக்கிழமைகளில் புத்தகத்தைப் பிடித்திருக்கும் கைகளைப் பார்க்கும்போது எனக்கு வேறொன்றும் தோன்றப்போவதில்லை.

விசுவாசம் கேட்பதிலிருந்து பிறக்கிறது என்று பவுல் ரோமருக்கு எழுதியதை அங்கே சொல்லி ஆறுதல்படுத்தலாமா என்று ஒரு கணம் நினைத்தேன். வாய் வரவில்லை. ஆச்சிக்கு அது ஆறுதலாக இருக்கலாம். பத்து வயதுப் பிள்ளைக்குப் பேருந்தின் பலகையையும், மருந்துச் சீட்டையும், நாளை அவன் கையொப்பமிடப்போகும் தாள்களையும் யார் வாசித்துச் சொல்வார்கள்? நம் முன்னோர் ஆலயத்தோடு பள்ளிக்கூடத்தையும் சேர்த்துக் கட்டினார்களே, ஒரே உபதேசியார் பகலில் பிள்ளைகளுக்கு எழுத்தும் மாலையில் சபைக்கு வேதமும் சொல்லிக்கொடுத்தாரே, எதற்காக? காதால் கேட்டால் போதும் என்றிருந்தால் அந்த ஓட்டுக் கட்டடத்துக்கு அவசியமே இல்லை.

அன்று இரவு எனக்கு உறக்கமில்லை. வேதத்தில் ஒருவரை நடுவே நிறுத்தும் இரண்டு காட்சிகள் மாறி மாறி வந்தன. மாற்கு 9ஆம் அதிகாரத்தில், தங்களில் யார் பெரியவன் என்று வழியெல்லாம் தர்க்கித்து வந்த சீஷரின் நடுவே ஆண்டவர் ஒரு சிறுபிள்ளையை நிறுத்துகிறார். யோவான் 8ஆம் அதிகாரத்தில், வேதபாரகரும் பரிசேயரும் ஒரு பெண்ணைக் கொண்டுவந்து நடுவே நிறுத்துகிறார்கள். நம் தமிழ் வேதாகமம் இரண்டு இடத்திலும் நிறுத்துதல் என்ற ஒரே வினையைத்தான் சொல்கிறது. முன்னதில், நிறுத்தியவரின் கரங்கள் உடனே அந்தப் பிள்ளையை அணைத்துக்கொள்கின்றன. பின்னதில், நிறுத்தியவர்களின் கைகள் கல்லுக்கு ஆயத்தமாக இருக்கின்றன. வேப்பமரத்தடியில் நான் ஒரு பிள்ளையை நடுவே நிறுத்தினேன். என் கைகள் எதற்கு ஆயத்தமாக இருந்தன என்பதைப் பேனா அறியும்.

இதில் எனக்கு வெட்கம் இரட்டிப்பானதற்கு ஒரு காரணம் உண்டு. இதுவரை யாருக்கும் சொன்னதில்லை. இறையியல் கல்லூரியில் முதலாம் ஆண்டில் கிரேக்கம் கற்கவேண்டும். எனக்கு அந்த எழுத்துகள் கண்ணில் நிற்கவே மறுத்தன. நண்பன் ஒருவனை வாசிக்கச் சொல்லிக் கேட்டு, யோவான் நற்செய்தியின் முதல் வசனங்களைத் தமிழ் எழுத்தில் எழுதி வைத்து மனப்பாடம் செய்துவிட்டேன். வகுப்பில் என் முறை வந்தபோது கிரேக்கப் புதிய ஏற்பாட்டை விரித்து வைத்துக்கொண்டு கம்பீரமாக வாசித்தேன். பேராசிரியர் தலையசைத்தார், அடுத்தவரைக் கூப்பிட்டார். அன்று மாலை தம் அறைக்கு வரச்சொன்னார். நான் உள்ளே போனதும் கதவைச் சாத்தினார். எழுத்துகள் மட்டும் எழுதிய ஒரு தாளை என்னிடம் கொடுத்து, "இன்றைக்குப் பாதி போதும்" என்றார். அவ்வளவுதான். வகுப்பில் என்ன நடந்தது என்பதைப் பற்றி அவர் கடைசிவரை ஒரு வார்த்தையும் பேசவில்லை. முப்பது ஆண்டுகளுக்கு முன் அவர் சாத்திய கதவின் பின்னால்தான் நான் போதகன் ஆனேன். அதே கதவைச் சாத்தும் வாய்ப்பு எனக்கு வந்தபோது திறந்தவெளியில் நின்றுகொண்டிருந்தேன்.

மறுநாள் ஆராதனை முடிந்தபின் அவனும் ஆச்சியும் வெளியே வரும்வரை காத்திருந்தேன். மன்னித்துக்கொள் என்று அவனிடம் சொன்னேன். அவன் ஆச்சியைப் பார்த்தான். மன்னித்தேன் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. "நாளைக்குப் பள்ளிக்கூடம் வாரேன்" என்று மட்டும் சொன்னான். அதையே பெற்றுக்கொண்டேன். தலைமையாசிரியையிடம் அனுமதி கேட்டேன்: அவருடைய இருபது நிமிடம் அவருடையது, மாலையில் ஒரு மணி நேரம் நான் உட்காரலாமா என்று. "தாளாளரா உக்காராதீங்க ஐயா" என்றார். சரி என்றேன்.

1706ஆம் ஆண்டில் தரங்கம்பாடியில் வந்திறங்கிய சீகன்பால்கு ஐயர் தமிழ் கற்ற விதத்தை நீங்கள் கேள்விப்பட்டிருப்பீர்கள். வயதான உபாத்தியாயர் ஒருவரின் பள்ளியைத் தம் வீட்டிலேயே நடத்தச்செய்து, சிறுபிள்ளைகளோடு தரையில் அமர்ந்து, மணலில் விரலால் எழுத்தெழுதிப் பழகினார். இருபத்துமூன்று, இருபத்துநான்கு வயது வாலிபன். ஜெர்மனியில் இறையியல் கற்றவர். அந்த விரல்தான் சில ஆண்டுகளுக்குள் புதிய ஏற்பாட்டைத் தமிழில் ஆக்கியது. 1715இல் அது அச்சாகி முடிந்தது. நமக்குத்தான் மணலுக்குக் குறைவில்லையே. தேரியிலிருந்து சிவந்த மணலைச் சலித்து ஒரு தாம்பாளத்தில் பரப்பி, ஆலயத்தின் வடபுறத் தாழ்வாரத்தில் வைத்தோம். மணலில் ஒரு வசதி உண்டு: தவறாக எழுதினால் உள்ளங்கையால் தடவிவிடலாம்; சிவப்பு மையால் சுழித்த அடையாளம் எதுவும் மிஞ்சாது. யோவான் 8இல் ஆண்டவரும் குனிந்து தரையில்தான் எழுதினார். என்ன எழுதினார் என்று சுவிசேஷகர் சொல்லவில்லை. அந்தப் பெண்ணின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்த அத்தனை கண்களும் அந்தக் கணத்தில் அவர் விரலைப் பார்க்கத் திரும்பியிருக்கும் என்று மட்டும் எனக்குத் தோன்றுகிறது.

அவனுக்குத் தனித்தனி எழுத்துகள் பெரும்பாலும் தெரியும். தலைமையாசிரியையின் மூன்று வருட உழைப்பு அது. துணைக்காலும் கொம்பும் சேர்ந்தால்தான் குழப்பம். கெ, கே; தெ, தே. ஒற்றைக் கொம்பையும் இரட்டைக் கொம்பையும் பார்த்தவுடன் பிரித்தறிய வரவில்லை. எகரமும் ஏகாரமும்கூட அப்படியே. ஏசாயா என்று நினைத்து எசேக்கியேலில் அவன் நின்றது அதனால்தானோ என்னவோ. பழைய ஏடுகளில் இந்த வேற்றுமை இன்றுள்ளதுபோல் இல்லை. நெடிலுக்குக் கொம்பைச் சுழித்து எழுதும் முறையைக் கொண்டுவந்தவர் என்று வீரமாமுனிவரைச் சொல்வார்கள். இதை அவனிடம் சொன்னேன். "அப்பம் அவருக்கு முன்னால எல்லாருக்குமே கொளப்பம்தானா ஐயா?" என்று கேட்டான். ஆமாம் என்றேன். அன்றைக்கு மேலும் அரைமணி நேரம் உட்கார்ந்தான்.

இதை எழுதுவதற்கு முன் அவன் வீட்டாரிடமும் அவனிடமும் அனுமதி கேட்டேன். எழுதியதை நேற்று இரவு வாசித்தும் காட்டினேன். அவன் ஒரே ஒரு நிபந்தனை விதித்தான்: "நான் சிலுவை செஞ்சதயும் எளுதுங்க." எழுதுகிறேன்.

குருத்தோலை ஞாயிறுக்கு முந்திய வெள்ளிக்கிழமை, தேர்வு முடிந்த பிற்பகலில், பிள்ளைகள் எல்லாரும் வகுப்பறைத் தரையில் அமர்ந்து சபைக்காக ஓலைச் சிலுவைகள் செய்தார்கள். பனங்குருத்தை இருபக்கமும் ஈர்க்கு நீக்கி, விரற்கடை அகலத்தில் வார்ந்து, மடித்து, குறுக்கே நுழைத்து இழுக்கவேண்டும். எங்கே மடிப்பது என்பது விரலுக்குத் தெரியவேண்டும். கண்ணால் பார்த்துச் செய்தால் தளர்ந்துவிடும். அவனுடைய தாத்தா பனையேறியவர். அவன் விரல்களுக்குத் தெரிந்திருந்தது. முதல் வகுப்புப் பிள்ளைகள், அன்றைக்குச் சிரித்தவர்கள்தான், ஓலையைத் தூக்கிக்கொண்டு அவனைச் சுற்றி உட்கார்ந்துவிட்டார்கள். ஒவ்வொருவருக்கும் பாதி செய்துகொடுத்து, மீதியைச் செய்ய வைத்தான். நானும் ஒன்று செய்தேன். அது சிலுவையாகவும் இல்லை, வேறெதுவாகவும் இல்லை. அவன் அதை வாங்கி, ஒன்றும் சொல்லாமல் பிரித்து, திரும்ப என் கையில் கொடுத்தான். குருத்தோலை ஞாயிறன்று உங்கள் கைகளில் இருந்த சிலுவைகளில் இறுக்கமானவை எல்லாம் அவனுடையவை. இப்போதும் வீட்டில் வைத்திருப்பீர்கள், எடுத்துப் பாருங்கள்.

பெரிய வியாழன் இரவு பன்னிரண்டு பேரின் பாதங்களைக் கழுவும் ஒழுங்கு நம் சபையில் உண்டு. இவ்வாண்டு அவனையும் அந்தப் பன்னிருவரில் ஒருவனாக அழைக்கவேண்டும் என்று மிகவும் ஆசைப்பட்டேன். சபையார் எல்லாரும் பார்க்க, நான் அவன் முன் முழங்காற்படியிட்டால் நடந்தது நேராகிவிடும் என்று நினைத்தேன். திங்கட்கிழமை தலைமையாசிரியையிடம் சொன்னேன். அவர் விடைத்தாள் கட்டிலிருந்து நிமிர்ந்து பார்த்தார்.

"வேண்டாம் ஐயா. மறுபடியும் அவன நடுவுல நிறுத்தாதீங்க."

பன்னிரண்டாவது நாற்காலியில் நம் கோயில் பிள்ளையார் உட்கார்ந்தார்; அவரையும் இத்தனை ஆண்டுகளில் நாம் ஒருமுறைகூட அழைத்ததில்லை.

வியாழன் மதியம் தேர்வு முடிந்து மற்றவர்கள் ஆற்றுக்கு ஓடிவிட்ட பிறகும், ஐந்து மணிக்கு அவன் தாழ்வாரத்துக்கு வந்தான். இன்றைக்கு மணல் வேண்டாம் என்றான். வேதாகமத்தைக் கேட்டான். அன்றைய அதே வேதாகமம்தான். கொடுத்தேன். மடியில் வைத்து நடுப்பகுதியைத் திறந்தான். பக்கத்தின் தலைப்பில் விரலை வைத்து, உதடு அசைய, எழுத்துக் கூட்டினான். எரேமியா. தள்ளினான். கொஞ்சம் முன்னால் போனான். பிரசங்கி. மறுபடி பின்னால் வந்தான். நான் பேசவில்லை; பேசாமல் இருப்பது எனக்கு எவ்வளவு கடினம் என்று உங்களுக்குத் தெரியும். பிறகு விரல் நின்றது. "இது சுழிச்ச கொம்பில்ல, ஆனா கீழ இளுத்திருக்கு. ஏ" என்றான். அதிகார எண்களைத் தேடி 53ஐக் கண்டுபிடித்ததும் என்னைப் பார்த்தான்.

பிறகு வாசிக்கத் தொடங்கினான். முதல் இரண்டு சொற்கள் எழுத்தெழுத்தாக வந்தன. மூன்றாவது சொல்லில் பொறுமை போய்விட்டது. மனப்பாடம் அவனைத் தூக்கிக்கொண்டு ஓடியது. நான் விட்ட சொல்லின்மேல் என் விரலை வைத்தேன். சிரித்துவிட்டுத் திரும்பி வந்தான். மறுபடி ஓடினான், மறுபடி வந்தான். முதலாம் வசனத்தின் கடைசிச் சொல்லுக்கு நாங்கள் வந்துசேரும் முன்பே இராப்போஜன ஆராதனைக்கு முதல் மணி அடித்துவிட்டது. அவன் சட்டைப் பையிலிருந்து ஓர் ஓலைத் துண்டை எடுத்து, அந்தப் பக்கத்தில் வைத்து மூடினான்.